கடைமடைக்கு வந்து சேரும் கழிவு

2022-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 3-ஆம் நாள் காரைக்காலில் பொதுநல நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. புயல் வீசவில்லை, கடல் பொங்கவில்லை. ஊரார் குடித்த தண்ணீரில் கழிவுநீர் கலந்திருந்தது. கக்கலும் கழிச்சலுமாக மக்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனையை நாடினர். அவருட் சிலர்க்குக் காலரா என்னும் கொடுங்கழிச்சல் நோய் கண்டிருப்பது ஆய்வில் உறுதிப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. அண்டையிலுள்ள நாகை, மயிலாடுதுறை மாவட்டங்கள் விழிப்பாய் இருக்குமாறு எச்சரிக்கப்பட்டன.

அசுத்த நீரே இந்நோயைக் கொண்டுவருகின்றது என்பதை இலண்டனில் ஒரு தெருவின் அடிகுழாயைச் சுட்டிச் சான் சுனோ என்னும் மருத்துவர் 1854-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். நூற்றறுபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தபின், உலகிற்குச் சோறளித்த சோழநாட்டின் கடலோர ஊரில், அதே நோய் அதே வழியில் வந்து நின்றது. பிரஞ்சுக்காரன் கிழித்த எல்லைக்கோட்டினால் காரைக்கால் இன்று புதுச்சேரி ஆட்சியின்கீழ் இருக்கின்றதேனும், நிலத்தாலும் நீராலும் மொழியாலும் அது காவிரிப் படுகையின் ஊரே. ஆகலின் அங்கு வந்த கேடு அங்கு மட்டும் நின்றுவிடும் என்று தஞ்சைத் தரணியில் எவரும் வாளா இருத்தற்கில்லை.

கல்லணையிற் பிரியும் ஆறுகள் எங்கெங்குச் செல்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தாலே இது விளங்கும். குடந்தை நகரம் காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே கிடக்கின்றது. அவ்வரசலாறு காரைக்காலிற் கடலைச் சேர்கின்றது. காவிரி மயிலாடுதுறையைக் கடந்து பூம்புகாரில் முடிகின்றது. ஓடம்போக்கியாறு திருவாரூர் நகரத்தின் ஊடே செல்கின்றது. கடுவையாறு நாகையில் கடலோடு கலக்கின்றது. இவற்றிலிருந்து கிளைக்கும் வாய்க்கால்களும், வாய்க்கால்களிலிருந்து கிளைக்கும் கண்ணாறுகளும், அவற்றின் மிகைநீரை ஏந்திச் செல்லும் வடிகால்களும் ஒன்றோடொன்று பின்னிய வலை போன்றவை. இப்படுகையில் ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊரின் பாய்ச்சற்கால். மேலூரான் வயலிலிருந்து வடித்துவிட்ட நீரைக் கீழூரான் மடை திறந்து வாங்கிக்கொள்கின்றான். ஒரு துளியையும் வீணாக்காமற் கடல்வரை கைமாற்றிக் கொடுத்த பழந்தமிழ் உழவரின் அறிவுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆனால் தூய நீருக்கென அமைந்த அந்த ஏற்பாட்டிலேதான் இன்று மேலூர் நகரத்தின் மலமும் கீழூர் வயலுக்குக் கைமாறுகின்றது.

இங்குதான் நகராட்சிகளின் தூய்மிப்பு நிலையம் என்னும் பொருள் வருகின்றது. சுத்திகரிப்பு நிலையம் என்று வாயிற்பலகையில் எழுதியிருப்பார்கள்; வடசொல்லைப் பலகையில் எழுதுவதற்குக் காட்டிய ஊக்கத்தில் ஒரு பங்கையேனும் உள்ளே காட்டினார்களா என்பதே கேள்வி.

நூறாயிரம் மக்கள் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்க. மறைமலையடிகள் பிறந்த நாகப்பட்டினம் அத்தகையது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1,02,905. நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் போடப்பட்ட ஊரில் தலைக்கு நாளொன்றுக்கு 135 இலிட்டர் நீர் வழங்கவேண்டும் என்பது நடுவண் அரசின் நெறிமுறை. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும் என்பது பொறியாளர் கணக்கு. அஃதாவது, இத்தகைய ஊர் ஒவ்வொரு நாளும் ஒரு கோடி இலிட்டருக்குமேற் கழிவுநீரை ஈனுகின்றது. ஞாயிறென்றும் பொங்கலென்றும் அதற்கு விடுமுறை கிடையாது.

அந்நீரைத் தூய்மைப்படுத்தும் முறை அரியதன்று. வரும் நீரில் மிதக்கும் கந்தலையும் நெகிழியையும் கம்பிச் சல்லடை தடுக்கும். மணல் ஒரு தொட்டியிற் படியும். பின்னர்ப் பெருந்தொட்டியில் இடைவிடாது காற்றை ஊதுவர். அக்காற்றிலுள்ள உயிர்வளியைப் பெற்ற நுண்ணுயிரிகள் அழுக்கைத் தின்று பெருகி, சேறாக அடியிற் படியும். தெளிந்த நீருக்குக் குளோரின் இட்டு வெளியே விடுவர். 1914-இல் இங்கிலாந்தின் மாஞ்செசுட்டரில் ஆர்டன், இலாக்கெட்டு என்னும் இருவர் வெளிப்படுத்திய இம்முறை நூறாண்டு கடந்தும் உலகெங்கும் நடைபெறுகின்றது.

நுண்ணுயிரிகளும் உயிர்களே என்பதைத்தான் அலுவலகங்கள் மறந்துவிடுகின்றன. கொட்டிலிற் கட்டிய மாட்டுக்கு ஒருநாள் தீனி போடாவிடின் அது தெருவே கேட்கக் கத்தும். இவை கத்துவதில்லை, செத்துப்போகும். காற்றூதும் பொறி பல மணிநேரம் நின்றால் தொட்டி அழுகத் தொடங்கும். மீண்டும் அதை நிலைக்குக் கொண்டுவர நாள்களும் கிழமைகளும் ஆகும். அதுவரை உள்ளே வந்த கழிவு வந்தவாறே வெளியேறும். வாயிற்பலகை மட்டும் மாறாது.

காவிரிப் படுகைக்கு இதில் ஒரு தனியிடர் உண்டு. மேட்டு நிலத்து ஊர்களில் கழிவுநீர் சரிவிலே தானாக ஓடும். படுகையோ பாய் விரித்தாற்போன்ற சமநிலம். குழாயைச் சரிவாகப் போட்டுக்கொண்டே சென்றால் சிறிது தொலைவிலேயே அது பேராழத்துக்குப் போய்விடும். ஆகையால் இடையிடையே குழி அமைத்து, எக்கிகளால் நீரை மேலேற்றி மீண்டும் ஓடவிடவேண்டும். ஊருக்குள் நாலைந்து நீரேற்று நிலையங்கள் இருப்பின், அவற்றுள் ஒன்று நின்றாலும் அதற்குப் பின்னாலுள்ள தெருக்களெல்லாம் ஆள்நுழைகுழி வழியே பொங்கும். பொங்கிய நீர் அருகிலுள்ள வாய்க்காலைத் தேடிப் போகும். அவசரத்துக்கென்று வாய்க்காலுக்கு ஒரு குழாயை வெட்டிவிட்டு, அவசரம் தீர்ந்தபின்னும் அதை அடைக்காமல் விடுவது ஊர்தோறும் காணும் வழக்கம். நிலத்தடி நீர்மட்டமோ உயரம். மண்ணோ வண்டலும் களியும். குழாயின் மூட்டு சற்றே விலகினாலும் மேலுள்ள மண் குழாய்க்குள் இறங்கும். சாலையின் அடியில் வெற்றிடம் ஏற்படும். ஒருநாள் பேருந்துச் சக்கரத்தின்கீழ்ச் சாலையே உள்வாங்கும்.

மயிலாடுதுறையில் நடந்தது இதுவே. மாயூரம், மாயவரம் என வழங்கிய அவ்வூருக்கு அதன் பழந்தமிழ்ப் பெயர் 1982-இல் மீண்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றியதும் அதே 1982-இல்தான். பெயரின் அழுக்கை நீக்க ஓர் அரசாணை போதுமானதாயிற்று. நீரின் அழுக்கு அவ்வளவு எளிதிற் போகவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்நகரத்திற்கு நிலத்தடிக் கழிவுநீர்த் திட்டம் வந்தது. ஆறுபாதிப் பக்கம் தூய்மிப்பு நிலையமும் அமைந்தது. ஆனால் கடந்த பத்தாண்டுக் காலத்திலே நகரின் முதன்மைச் சாலைகள் குழாய் உடைந்து அடுத்தடுத்து உள்வாங்கின. ஓரிடத்தில் தோண்டி அடைத்தால் மற்றோரிடத்திற் பள்ளம் விழுந்தது. பொங்கிய கழிவுநீர் வாய்க்கால்களிலும் காவிரியிலும் கலப்பதாக மக்கள் மறியல் செய்வதும், அலுவலர் வந்து ஒப்புக்கொடுத்துச் செல்வதும் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்தன. 2020-இல் ஊர் மாவட்டத் தலைநகராகவும் உயர்ந்தது. ஐப்பசித் திங்கள் முழுதும், அதிலும் கடைமுழுக்கு நாளன்று, எங்கெங்கிருந்தோ வந்து துலாக்கட்டத்தில் மூழ்குவோர் எத்துணைப் பேர்! அம்முழுக்கில் நம்பிக்கையுடையோரும் இல்லாதோரும் ஒருசேரக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: அந்நீரில் மலக்கிருமி எவ்வளவு? அதை யார் அளந்தார்? எங்கே எழுதி வைத்தார்?

திட்டம் தீட்டுவோர் கட்டுமானத்திற்குப் பணம் கேட்பர், பெறுவர், கட்டுவர், நாடா வெட்டுவர். அதன்பின் மின்கட்டணம் கட்டவும், தேய்ந்த எக்கியை மாற்றவும், படிந்த சேற்றை அள்ளவும், ஆய்வுக்கூடத்தில் ஒருவரை அமர்த்தவும் ஆண்டுதோறும் வேண்டும் பணத்தை யார் தருவது என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. சிறு நகராட்சியின் வரவு தெருவிளக்குக்கும் சம்பளத்துக்குமே போதாமல் இழுபறியாய் இருக்கும். பணமுடை வந்தால் முதலில் நிற்பது காற்றூதும் பொறிதான். ஏனெனில் அது நின்றதை ஊரார் அறியார். குடிநீர் ஒருநாள் வராவிட்டாற் குடத்தோடு சாலைமறியல் நடக்கும். தூய்மிப்பு நிலையம் ஒரு திங்கள் ஓடாவிட்டாலும் நகரத்தார்க்கு ஒரு குறையும் தெரியாது. தெரிவது கீழூராருக்கே, அவருக்கோ நகராட்சித் தேர்தலில் வாக்கில்லை. இந்தக் கோணல்தான் எல்லாக் கேட்டிற்கும் வேர். நிலையத்தை நடத்துபவன் ஒருவன், அது கெட்டால் துன்புறுபவன் வேறொருவன் என்றிருக்கும்வரை எத்துணை உயர்ந்த பொறியை வாங்கி வைத்தாலும் அது துருப்பிடிக்கும்.

அளவுகோல் இல்லாமலில்லை. கழிவிலுள்ள அழுக்கு நீரிலுள்ள உயிர்வளியை எவ்வளவு உறிஞ்சும் என்பதே அதன் முதன்மையான அளவு. சிறுநகரங்களின் நிலையங்களிலிருந்து வெளிவரும் நீரில் அது இலிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என 2017-இல் நடுவண் அரசு வகுத்தது. அது போதாது, 10-ஆகக் குறைக்கவேண்டும் எனப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்பிரலில் ஆணையிட்டது. 1974-ஆம் ஆண்டின் நீர்மாசுத் தடுப்புச் சட்டமோ அரை நூற்றாண்டாக இருக்கின்றது. ஏட்டிலே சுரைக்காய்க்குப் பஞ்சமில்லை.

படுகையின் இரு பருவங்களிலும் இடர் வெவ்வேறு முகங் காட்டுகின்றது. மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12-இல் திறந்து சனவரி 28-இல் மூடப்படும். நீர்வரத்து இல்லாத ஆண்டுகளில் திறப்பு இன்னும் தள்ளிப்போகும். 2024-இல் சூலை 28-இல்தான் மதகு திறந்தது. அணை மூடிக்கிடக்கும் திங்கள்களில் தஞ்சைப் படுகையின் நகரங்களைக் கடக்கும் ஆற்றில் ஓடுவது எது? மணலின் நடுவே கறுத்த கயிறுபோல் ஊர்ந்து செல்கின்றதே, அது காவிரியன்று, அந்நகரத்தின் கழிவு. கலந்து நீர்க்கச் செய்யும் ஆற்றுநீர் துளியும் இல்லாத அக்காலத்தில், நிலையத்திலிருந்து வெளிவரும் நீரின் தரமே ஆற்றின் தரமாகிவிடுகின்றது. ஆற்றுமணலின் அடியிலுள்ள ஊற்றைத்தான் எத்தனையோ ஊர்கள் குடிநீராய் இறைக்கின்றன என்பதை இங்கு நினைக்கவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையிலோ நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மழைநீர் கழிவுக்குழாய்க்குள் புகும். ஒரு கோடி இலிட்டருக்கென அமைந்த நிலையத்துக்குள் அதனிற் பன்மடங்கு நீர் பாய்ந்தால், பெருந்தொட்டியில் அரும்பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர்ச் சேறு முழுதும் அடித்துச் செல்லப்படும். கடலோர ஊர்களில் வெள்ளம் வடியவும் இடமிராது. கடல் ஏறும் வேளையில் ஆற்றுமுகம் நீரை வாங்காது. 2018 நவம்பர் 16-இல் வேதாரணியம் பக்கம் கரையேறிய கசாப் புயலுக்குப்பின் நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களின் பல ஊர்களிற் கிழமைக்கணக்கில் மின்விசை இல்லை. 2004 திசம்பர் 26-இன் ஆழிப்பேரலையோ நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இவ்விரண்டையும் கண்ணாரக் கண்ட கரையில், தூய்மிப்பு நிலையத்தின் மின்பலகையைத் தரைமட்டத்தில் பொருத்துவதும், மாற்று மின்னாக்கி வைக்காமல் விடுவதும், வைத்தாலும் அதற்கு எரியெண்ணெய் வாங்கிவைக்காமல் விடுவதும் அறியாமையன்று, பொறுப்பின்மை. ஊரிலேயே தாழ்ந்த நிலத்தில் நிலையத்தை அமைப்பது பொறியாளர் வழக்கம், நீர் அங்குதான் வந்து சேரும் என்பதால். வெள்ளமும் அங்குதான் முதலில் வந்து சேரும்.

அள்ளப்படாத சேற்றைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. நீர் தெளியத் தெளியச் சேறு மிகும். இது மாறா இயல்பு. அதைக் காயவைத்து அகற்றாவிடின் ஒருநாள் அது தானே வெளியேறும். 2015 சனவரி இறுதியில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல்பதனிடும் ஆலைகளின் பொதுத் தூய்மிப்பு நிலையத்துச் சேற்றுத்தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் அச்சேற்றில் மூழ்கி மாண்டனர். அவருட் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர். நகரக் கழிவின் சேறு தோலாலைச் சேற்றைப்போல் நச்சுமிகுந்ததன்று என்பது மெய்யே. ஆயினும் தேக்கி வைத்தது எதுவாயினும் அதன் சுவரை யாரேனும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உழவன் வயலுக்கு வருவோம். கழிவுநீர் பாய்ந்த வயலிற் பயிர் முதலிற் கருகருவெனச் செழித்து நிற்கும். வழியிற் போவோர் பொறாமைப்படுவர். தழைச்சத்து மிகுந்த பயிர் கொழுத்துச் சாயும். புகையானும் குலைநோயும் அதைத்தான் தேடிவரும். கதிரில் மணி பிடிக்காது, பதரே மிகும். வழலைத் தூள்களின் உப்பு நாளடைவிற் களிமண்ணை இறுக்கும். நடவுக்கு இறங்கும் பெண்டிர்க்குக் காலில் அரிப்பும் புண்ணும் வரும். அவர்கள் அதை மருத்துவரிடங் காட்டுவதில்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாள் மீண்டும் இறங்குகிறார்கள். வாய்க்கால்களிலோ வெங்காயத் தாமரை. அதை வாரி வாரிக் கரையில் எறிந்து ஓய்ந்தனர் உழவர். அதற்கு உரமிடுவது நகரத்தின் கழிவே என்பதை அறிந்தால், வாய்க்கால் தூர்வாரும் செலவில் ஒரு பங்கை நகராட்சியிடமே கேட்பர், கேட்கவும் வேண்டும்.

இதனைக் கடந்து கடல் முகத்துக்கு வந்தால் அங்கும் வாழ்வோர் உளர். இறாலும் நண்டும் கொடுவாயும் குஞ்சுப் பருவத்தில் வளர்வது ஆற்றுமுகத்தின் உவர்நீரில்தான். அங்கே உயிர்வளி குறைந்தால் மீன் செத்து மிதப்பதற்கு முன்பே குஞ்சுகள் இல்லாமற் போகும். படகில்லாமல் கையாலும் சிறுவலையாலும் கழிமுகத்தில் மீன்பிடித்துப் பிழைக்கும் ஏழைப் பரதவரே அதை முதலில் உணர்வர். உழவனுக்காவது காப்பீடு என்றும் வறட்சி உதவி என்றும் சில உண்டு. கழிமுகத்தில் நண்டு பிடிப்பவளுக்கு எந்தப் பட்டியலிலும் பெயரில்லை.

2020-இல் தமிழ்நாட்டரசு காவிரிப் படுகையைக் காக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. செம்பு, துத்தநாக உருக்காலைகளும், தோற்பதன் ஆலைகளும், புதிய எண்ணெய், எரிவளித் தோண்டல்களும் அங்கு வரலாகாது என்று அது தடுக்கின்றது. உழவர் போராடிப் பெற்ற அச்சட்டம் பாராட்டத்தக்கதே. ஆனால் தடைப்பட்டியலில் இருப்பவை யாவும் வெளியிலிருந்து வரக்கூடியவை. படுகையின் நகரங்களே நாள்தோறும் வாய்க்காலில் விடும் கழிவுக்கு அதில் இடமில்லை. முன்வாயிலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதையிது.

இக்கொல்லைப்புறத்தைக் காவல்காப்பவர் யார்? கழிவுநீர்க் குழியில் இறங்கி அடைப்பெடுக்கும் தொழிலாளி. மூடிய குழியில் சேரும் அழுகிய முட்டை நாற்றமுடைய நச்சுவளி, மிகுந்துவிட்டால் நாற்றமே தெரியாதவாறு மூக்கை மரக்கச்செய்து, ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்தும். முதலில் இறங்கியவனைத் தூக்க இறங்கும் இரண்டாமவனும் மடிவதே வழக்கமாயிற்று. மாந்தரை இப்பணியில் இறக்குவதைத் தடுத்து 2013-இல் சட்டம் வந்தது. மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலக்கம் உருபா தருக என 2014-இலும், அதை முப்பது இலக்கமாக உயர்த்துக என 2023-இலும் உச்ச அறமன்றம் ஆணையிட்டது. ஆயினும் இத்தகைய சாவுகளின் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. யாதும் ஊரென்று உலகுக்கு உரைத்த இனம், தன் மலக்குழியில் இறக்குவதற்கு மட்டும் ஒரே சாதியானைத் தேடிப் பிடிக்கின்றது! தமிழ் தமிழ் என்போர் முதலிற் கூசவேண்டிய இடம் இஃதே. தூய்மிப்பு நிலையத்தின் ஒப்பந்தத்தில் அடைப்பெடுக்கும் பொறிவண்டியும் வளியளக்கும் கருவியும் எழுதப்படவில்லையேல், அவற்றின் இடத்தில் ஒரு மாந்தன் எழுதப்பட்டிருக்கிறான் என்று பொருள்.

கருநாடகத்தின்மீது குற்றம் சாற்றுவதிற் படுகையில் எவரும் பின்தங்குவதில்லை. சாற்றவேண்டிய குற்றமும் உண்டு. பெங்களூரின் கழிவைச் சுமக்கும் விருசபாவதி அர்க்காவதியிற் கலந்து, மேக்கேதாட்டுக்கு அருகிற் காவிரியிற் சேர்கின்றது. கழிவைக் காவிரியிலும் தென்பெண்ணையிலும் விடுகிறார்கள் என்று 2015-இல் தமிழ்நாட்டரசு உச்ச அறமன்றத்தை அணுகியது. 2018 பிப்பிரவரி 16-இல் வந்த தீர்ப்பில் தமிழ்நாட்டுக்குரிய பங்கு 177.25 டி.எம்.சி. என வரையறுக்கப்பட்டது, அளவுக்குத் தீர்ப்பு வந்ததேயன்றித் தரத்துக்கு அதுபோல் உறுதியான ஏற்பாடு வரவில்லை. தரத்தையும் கேட்கும் உரிமை தமிழர்க்கு முழுமையாக உண்டு. ஆனால் மேட்டூருக்குக் கீழே நிற்பவை எவை? தமிழ்நாட்டின் சாயப்பட்டறைகளே. காவிரியிற் கலக்கும் நொய்யலின் குறுக்கே, 1990களின் தொடக்கத்தில் உழவுக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயநீர்த் தொட்டியாகி, உழவரே அதை வேண்டாவென்று சொல்லும் நிலைக்குப் போயிற்று. பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர் அறமன்றம் சொல்லவேண்டியதாயிற்று. அதற்கும் கீழே திருச்சி, தஞ்சை, குடந்தை. பெங்களூரானைப் பார்த்து நீட்டும் கை அழுக்காயிருப்பின், எதிர்வழக்காடுபவன் அதைத்தான் முதலிற் சுட்டுவான். மேலூரான் கீழூரானுக்குச் செய்யலாகாதது எது என்று தில்லியிற் போய் வழக்காடும் தமிழகம், குடந்தையான் காரைக்காலானுக்கும் மயிலாடுதுறையான் பூம்புகாரானுக்கும் அதையே செய்யும்போது வாய்மூடியிருத்தல் முறையாகுமா?

செய்யக்கூடாதது ஒன்றுமில்லை. சென்னையிற் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி இலிட்டர் வீதம் கழிவுநீர் மும்முறை தூய்மிக்கப்பட்டுத் தொழிற்சாலைகளுக்கு விற்கப்படுகின்றது. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 எக்டேர் ஈரநிலத்தில் அந்நகரின் கழிவுநீரைக் குளங்களிற் பரப்பி, வெயிலாலும் பாசியாலும் தெளியவைத்து, மீனும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். அதைச் செய்பவர் பெரும் பொறியாளரல்லர், படிப்பறிவு குறைந்த மீனவர். படுகையில் நிலமும் உண்டு, குளமும் உண்டு, வெயிலுக்கோ குறைவில்லை. தூய்மித்த நீரை ஆற்றில் விடாமல் வெட்டுமரத் தோப்புக்கும் தீவனப்புல்லுக்கும் பாய்ச்சலாம். சென்னைக்கு ஏற்றது படுகைக்கு ஏற்காது. பெருஞ்செலவுப் பொறியை வாங்கி மின்கட்டணத்துக்கு அஞ்சி நிறுத்திவைப்பதைவிடக் குளமுறை மேல்.

எதைச் செய்யினும் அளவுகள் கீழூராருக்குத் தெரியவேண்டும். இங்கேதான் மொழி வந்து நிற்கின்றது. தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்று சட்டம் இயற்றியது 1956-இல். ஆனால் தூய்மிப்பு நிலையத்துக்கு வாரியம் தரும் இசைவாணையும், நீராய்வு அறிக்கையும், ஒப்பந்தமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன. அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அந்நீர் பாயும் வயலில்லை. வயலுள்ளவனுக்கு அறிக்கை புரிவதில்லை. 2020-இல் நடுவண் அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை வெளியிட்டபோது, அதை அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுக எனத் தில்லி உயர் அறமன்றம் சூன் 30-இல் ஆணையிட்டது. அவ்வளவு எளிய கட்டளையையும் எதிர்த்து நடுவண் அரசு உச்ச அறமன்றம்வரை போயிற்று. மொழியை மறைத்தால் நஞ்சையும் மறைக்கலாம் என்பதை அவர்கள் நன்கறிவர்.

தில்லியை விடுக. மயிலாடுதுறையிலும் நாகையிலும் குடந்தையிலும் தஞ்சையிலும் நிலையத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை வைக்கத் தில்லியின் இசைவு வேண்டுமா? இன்று உள்ளே வந்த நீர் இத்தனை இலிட்டர், வெளியே சென்றது இத்தனை, உயிர்வளித் தேவை இவ்வளவு, மலக்கிருமி இவ்வளவு, பொறி நின்ற நேரம் இவ்வளவு என்று தமிழில், தமிழ் தெரிந்த ஒருவர் கைப்பட எழுதி வைக்கட்டும். அதே கணக்கை வடிகால் சென்று சேரும் முதல் ஊராட்சியின் அலுவலகத்திலும், கழிமுகத்து மீனவர் ஊரிலும் ஒட்டட்டும். அங்குள்ளோர் இருவரைத் தேர்ந்து, திங்கள்தோறும் அவர்கள் விரும்பிய நாளில், அறிவிக்காமல் வந்து, நீரெடுத்து, தாங்கள் விரும்பிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப உரிமை தரட்டும், செலவு நகராட்சியுடையது. கழிவுத்தொட்டி வண்டிகள் எந்த வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுப் போகின்றன என்பதை இரவுக் காவலுக்குப் போகும் உழவனே அறிவான். அவன் சொல்லை எழுதிக்கொள்ளவும் ஒரு பதிவேடு இருக்கட்டும்.

இதற்கு வேண்டும் பணம் சாலையில் விழுந்த ஒரு பள்ளத்தை அடைக்கும் செலவுகூட ஆகாது. படுகையில் தமிழ்மன்றங்கள் பல உள்ளன. ஆண்டுதோறும் பொங்கலுக்கும் திருவள்ளுவர் நாளுக்கும் மேடை போடுவோர் உளர். அணை மூடும் சனவரி 28, பொங்கலுக்கு இரு கிழமைகளுக்குள் வருகின்றது. இவ்வாண்டு மேடையிலிருந்து இறங்கியதும், ஊருக்கு ஐவராய்த் தங்கள் நகரத்துத் தூய்மிப்பு நிலையத்தின் வாயிலுக்குப் போய், வெளியேறும் நீர் எந்த வாய்க்காலில் விழுகின்றது, அவ்வாய்க்கால் எந்த ஊரின் மடையிற் போய் முடிகின்றது என்று கரைவழியே நடந்து பார்க்கட்டும். நடக்கும் தொலைவு பெரிதில்லை. மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு துண்டு போதும்.